போனை கீழ வைக்க முடியல, மனசும் சரியில்ல. எதை முதல்ல பாக்குறது?

பாதிப்பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா போஸ்ட் போடுறேன், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

காலேஜ்ல மூணாவது வருஷம், ஹாஸ்டல். ஸ்கிரீன் டைம் எடுத்து பாத்தா ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணி நேரம்னு காட்டுது, லீவு நாள்னா அதுக்கும் மேல. இதுல படிப்புக்காக பாக்குறதும் இருக்கு, நோட்ஸ் எல்லாம் பிடிஎஃப்பா க்ரூப்லதான் வருது, அதனால முழுசும் வெட்டினு சொல்ல மாட்டேன், ஆனா பாதிக்கு மேல ரீல்ஸ் ஷார்ட்ஸ்தான், அதுவும் பாத்து முடிச்சதும் என்ன பாத்தேன்னு கேட்டா ஒண்ணு கூட ஞாபகம் இருக்காது.

நைட்டு லைட் ஆஃப் பண்ணிட்டு படுத்ததும்தான் உண்மையா ஆரம்பிக்குது. அஞ்சு நிமிஷம்னு எடுப்பேன், ரெண்டு மணி ஆயிடும், சில நாள் மூணு. காலைல முதல் ரெண்டு பீரியட் போறதே இல்ல, அட்டெண்டன்ஸ் அபாய கட்டத்துல இருக்கு. புக் எடுத்தா ஒரு பக்கம் முழுசா உள்ள போக மாட்டேங்குது, கை தானா போன் பக்கம் போகுது. சார்ஜ்ல போட்டுட்டு வெளிய போனா என்னமோ விட்டுட்டு வந்த மாதிரி படபடப்பு.

ஆப் எல்லாம் டெலீட் பண்ணி பாத்தாச்சு, அப்புறம் பாத்தா ப்ரவுசர்ல லாகின் பண்ணி அதையே பாத்துட்டு இருக்கேன். டைமர் வச்சா 'இன்னிக்கு மட்டும் விடு'ன்னு ஒரு பட்டன் வருது, அதை அமுக்குறது எனக்கு பழகியே போச்சு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கொஞ்ச நாளா மனசே சரியில்ல. யார் கூடவும் பேச தோணல, கூட படிக்கிறவங்க இன்டர்ன்ஷிப் கிடைச்சுது, வேலை கிடைச்சுதுன்னு போடுறதை பாக்கும்போது நான் மட்டும் எங்கயோ நின்னுட்ட மாதிரி இருக்கு. வீட்டுல சொன்னா 'அந்த போனை தூக்கி போடு எல்லாம் சரியாயிடும்'ங்கிறாங்க. எனக்கு என்ன டவுட்னா போனால மனசு இப்படி ஆச்சா, இல்ல மனசு இப்படி இருக்கறதால போனுக்குள்ள போய் உக்காந்துக்கிறேனா? எதை முதல்ல சரி பண்றது? இதுக்கெல்லாம் கவுன்சிலர்கிட்ட போகணுமா, போனா சிரிக்க மாட்டாங்களா?

---

கடைசிபெஞ்ச்:

ப்ரோ சிம்பிள். பட்டன் போன் வாங்கு. ஸ்மார்ட்போனை வீட்டுக்கு அனுப்பிடு. பத்து நாள் பைத்தியம் பிடிக்கும், அப்புறம் மனுஷன் ஆயிடுவ. இதுக்கு போய் எதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரை.

---

பாதிப்பக்கம்:

ப்ரோ இல்ல, சிஸ் 🙂 பட்டன் போன்ல அட்டெண்டன்ஸ் ஆப் ஓடாதே. அசைன்மென்ட் போடுற போர்ட்டலுக்கு ஓடிபி, க்ளாஸ் மாறினா க்ரூப்ல மெசேஜ், ப்ராஜெக்ட் டீம் பேசுறதும் அங்கதான். இதை எல்லாம் பட்டன் போன்ல எப்படி பண்றதுன்னு சொல்லுங்க, இன்னிக்கே வாங்குறேன்.

---

ஆய்வக_எலி:

சைக்காலஜி முதுகலை படிக்கிறேன். டாக்டர் கிடையாது, அதனால நான் சொல்றதை வச்சு உனக்கு இந்த நோய் அந்த நோய்னு முடிவு கட்டிக்காதம்மா. தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. 'ஸ்மார்ட்போன் அடிக்ஷன்'னு எல்லாரும் சொல்றோமே, அது டாக்டர்கள் வச்சிருக்கற நோய் பட்டியல்ல இப்போதைக்கு தனி நோயா கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் பட்டியலான ஐசிடி 11, 2022 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு, அதுல வீடியோ கேம் விளையாட்டு கோளாறு இருக்கு, சூதாட்டம் இருக்கு, போன் இல்ல. அமெரிக்க மனநல சங்கம் 2013ல கொண்டு வந்த டிஎஸ்எம் 5ங்கிற மனநோய் பட்டியல்லயும் இல்ல, அங்க இன்டர்நெட் கேமிங்கையே 'இன்னும் ஆராயணும்'னு தனியா ஒரு பகுதில வச்சிருக்காங்க. பிரச்சனையே இல்லனு இதுக்கு அர்த்தம் இல்ல. கஷ்டம் உண்மைதான், ஆனா போன்ங்கிறது ஒரே ஒரு பழக்கம் இல்ல, அதுக்குள்ள பாடம் இருக்கு, நட்பு இருக்கு, கேம் இருக்கு, சூதாட்டம் கூட இருக்கு, எதுக்கு அடிமைனு எப்படி சொல்லுவ. அந்த சண்டை இன்னும் முடியல.

அளக்கறதுக்கு கேள்வித்தாள் இருக்கு. 2013ல தென்கொரியால பத்து வாக்கியம் வச்சு ஒண்ணு பண்ணாங்க, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 6 வரைக்கும் மார்க் போடணும், இன்னிக்கு பல நாட்டு காலேஜ்கள்ல இதைத்தான் வச்சு கேக்குறாங்க. அதை எடுத்து பாத்தா ஒண்ணு கவனிக்கலாம், எத்தனை மணி நேரம்னு எங்கயும் கேக்க மாட்டாங்க. போனால திட்டமிட்ட வேலை கெடுதா, க்ளாஸ்ல கவனம் போகுதா, கை கழுத்து வலிக்குதா, போன் கைல இல்லனா தாங்க முடியலயா, நினைச்சதை விட அதிக நேரம் ஆயிடுதா, இப்படித்தான் போகும். கட்டுப்பாடு போச்சா, வாழ்க்கைல எதாவது உடையுதா, இதுதான் விஷயம். ஏழு மணி நேரம்ங்கிற நம்பர் தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சல் இருக்குன்னு காட்டும், என்ன காய்ச்சல்னு காட்டாது.

அப்புறம் உன் உண்மையான கேள்வி, எது முதல்ல. நேர்மையா சொன்னா ரெண்டு பக்கமும் ஓடுது. ஒரு பக்கம் பாத்தா, 2019ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆளுங்க மூணு லட்சத்துக்கும் மேல டீன் ஏஜ் பசங்களோட தரவை அலசினாங்க, டிஜிட்டல் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் தொடர்பு இருக்கு ஆனா ரொம்ப சின்னது, ஒருத்தருக்கு ஒருத்தர் மனநலத்துல இருக்கற வித்தியாசத்துல அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் அது விளக்குதுனு சொன்னாங்க. இதை வச்சு 'பாத்தியா போன் ஒண்ணும் பண்ணாது'ன்னு ஒரு கூட்டம் கிளம்பிச்சு. ஆனா அது சராசரி. லட்சம் பேரோட சராசரிக்குள்ள, நைட்டு மூணு மணிக்கு முழிச்சிட்டு இருக்கற ஒரு ஆள் காணாம போயிடுவா.

இன்னொரு பக்கம், ஃபேஸ்புக் 2004ல ஹார்வர்ட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு காலேஜா திறந்து விட்டாங்க இல்லயா, அதை ரெண்டு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பிடிச்சுக்கிட்டாங்க. முதல்ல கிடைச்ச காலேஜ், அப்புறம் கிடைச்ச காலேஜ், ரெண்டையும் ஒப்பிட்டு பாத்தா ஃபேஸ்புக் வந்த இடத்துல மாணவர்களோட மனநலம் மோசமாச்சு, அதுக்கு அவங்க சொன்ன முக்கிய காரணம் மத்தவங்களோட தன்னை ஒப்பிட்டு பாக்குறது. 2022ல வெளிவந்தது. இதுல எனக்கு பிடிச்ச விஷயம், அப்போ ஐபோனே கிடையாது, அது 2007லதான் வருது. பாக்கெட்ல இருக்கற கருவியே இல்லாம, டேபிள்ல இருந்த கம்ப்யூட்டர்லயே ஒப்பீடு மட்டும் அந்த வேலையை பண்ணிருக்கு. நீ இன்டர்ன்ஷிப் போஸ்ட் பத்தி சொன்னியே, அதை இதோட சேத்து பாரு.

குறைச்சா பலன் இருக்கா? 2018ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 143 மாணவர்களை எடுத்து ஒரு பாதியை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொண்ணுக்கும் தினம் பத்து நிமிஷம்னு மூணு வாரம் கட்டுப்படுத்தினாங்க. தனிமையும் மனச்சோர்வும் குறைஞ்சுது, முன்னாடியே அதிகமா சோர்ந்து இருந்தவங்களுக்கு நல்லாவே குறைஞ்சுது. இன்னொரு வேடிக்கை, கட்டுப்படுத்தாம சும்மா அளந்து மட்டும் காட்ட சொன்ன குழுவுக்கும் பதட்டம் கொஞ்சம் குறைஞ்சுது, தன்னை தானே கவனிக்கறதே ஒரு வேலை செய்யுதுன்னு நினைக்கிறாங்க. முழுசா விடல பாரு, பத்து நிமிஷம் இருந்துச்சு.

சரி நான் உன்கிட்ட கேக்கணும். ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்த ஏழு மணி நேரம் ஒரு நாள்ல எந்த நேரத்துல குவியுது? ரெண்டு, போன் எடுக்கறதுக்கு சரியா முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்த, என்ன நினைச்சிட்டு இருந்த? ரெண்டு மூணு நாள் கவனிச்சிட்டு வந்து சொல்லு.

---

குறியீட்டுக்காரன்:

ஆப் பண்றதுதான் என் பொழப்பு, அதனால அந்தப் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்றேன். 'கட்டுப்பாடு இல்ல எனக்கு'ன்னு தன்னை திட்டிக்கறவங்களை பாத்தா எனக்கு கோவம் வரும், அவங்க மேல இல்ல.

ஸ்க்ரோல் பண்ணா முடியாம போயிட்டே இருக்குல்ல, அது இயற்கையா வந்தது இல்ல. 2006ல ஏசா ராஸ்கின்னு ஒரு டிசைனர் பண்ணது, பக்கம் மாத்த க்ளிக் பண்ண வேண்டாமேங்கிற நல்ல எண்ணத்துல. பின்னாடி அவரே அதை நினைச்சு வருத்தப்பட்டு வெளிப்படையா பேசினார். பக்கத்தோட அடின்னு ஒண்ணு இருந்தா மூளை அங்க ஒரு செகண்ட் நின்னு 'போதுமா'ன்னு கேக்கும், அந்த அடியையே எடுத்தாச்சு. வீடியோ தானா அடுத்ததுக்கு போறதும் இதே கதைதான்.

அடுத்தது எப்போ நல்லது வரும்னு தெரியாத அந்த சூட்சுமம். ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் 1950கள்ல புறாவை வச்சு பண்ணது, ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் குடுத்தா அது பசி தீந்ததும் போயிடும், எத்தனாவது கொத்துக்கு வரும்னு தெரியாம மாத்தி மாத்தி குடுத்தா விடாம கொத்திட்டே இருக்கும், குடுக்கறதை நிறுத்தினா கூட ரொம்ப நேரம் விடாது. ரீல்ஸ்ல பத்துல ஒம்பது குப்பை, ஒண்ணு சூப்பர், எந்த ஒண்ணுன்னு தெரியாது. நீங்க பாத்ததுல ஒண்ணு கூட ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, நீங்க பாக்கல, தேடிட்டு இருந்தீங்க.

'இன்னிக்கு மட்டும் விடு' பட்டன் பத்தி. அந்த டைமர் எல்லாம் 2018 வாக்குல ஆப்பிளும் கூகுளும் கொண்டு வந்தது. பூட்டையும் சாவியையும் ஒரே கைல குடுத்தா என்ன ஆகும், அதான் ஆகுது. பாஸ்வேர்டை ரூம்மேட்டை போட சொல்லுங்க, உங்களுக்கு தெரிய கூடாது. ப்ரவுசர்ல லாகின் ஆகறதை தடுக்க ஒவ்வொரு தடவையும் லாக் அவுட் பண்ணிட்டு, நீளமா கண்றாவியா ஒரு பாஸ்வேர்டு வச்சு பேப்பர்ல எழுதி பெட்டிக்குள்ள போடுங்க, சேவ் பண்ணாதீங்க. எடுக்கணும்னா எழுந்து போய் பெட்டியை திறந்து பாத்து டைப் பண்ணணும், பாதி நாள் அந்த சோம்பேறித்தனமே காப்பாத்திடும். ஸ்கிரீனை கறுப்பு வெள்ளையா மாத்தி பாருங்க, காலேஜ் பசங்களை வச்சு பண்ண ஒரு சோதனைல அதுக்கே அரை மணி நேரத்துக்கு மேல தினசரி குறைஞ்சுது. நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஒரேயடியா ஆஃப் பண்ணாதீங்க. 2019ல வந்த ஒரு ஆய்வுல நாளுக்கு மூணு தடவையா சேத்து குடுத்தவங்களுக்கு மனசு லேசாச்சு, மொத்தமா நிறுத்தினவங்களுக்கு என்ன வந்துச்சோ என்ன ஆச்சோன்னு பதட்டம்தான் ஏறிச்சு.

---

நேர்கோடு:

எல்லாரும் ஆப் மேல பழி போட்டே ஓட்டுறீங்க. ஒரே ஆப்தான், ஒரே அல்காரிதம்தான், அதே ஹாஸ்டல்ல அதே போனை வச்சுக்கிட்டு டாப் ரேங்க் எடுக்கறவனும் இருக்கான். புறா கதை சொன்னா நாமளும் புறாவா ஆயிட முடியுமா. சுயக்கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு, அதை வளத்துக்க சொல்லுங்க, அதை விட்டுட்டு கறுப்பு வெள்ளை ஸ்கிரீன், பெட்டிக்குள்ள பாஸ்வேர்டு, இதெல்லாம் சின்ன புள்ளத்தனம்.

---

குறியீட்டுக்காரன்:

டாப் ரேங்க் எடுக்கறவனுக்கு மன உறுதி அதிகம்னு நினைக்கிறீங்க, நான் பாத்த வரைக்கும் அவன் போனை லைப்ரரிக்கே எடுத்துட்டு போறது இல்ல, அவ்ளோதான். சபலத்தை எதிர்த்து நின்னு ஜெயிக்கறது வேற, சபலமே பக்கத்துல வராம பாத்துக்கறது வேற. ரெண்டாவதைத்தான் நான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு டீமே உக்காந்து ரெண்டு விதமா பட்டன் போட்டு எதுல ஆளுங்க அதிக நேரம் இருக்காங்கன்னு லட்சக்கணக்கான பேர் மேல டெஸ்ட் பண்ணிட்டு இருக்கு, இந்தப் பக்கம் ஒரு பொண்ணு நைட்டு ஒரு மணிக்கு தூக்கம் வராம தனியா படுத்திருக்கு. இதை சமமான போட்டின்னு சொல்றீங்களா?

---

நேர்கோடு:

சமம்னு சொல்லல. ஆனா 'உன் மேல தப்பே இல்ல'ன்னு சொல்லிட்டே இருந்தா அவங்க எதையும் மாத்த மாட்டாங்க. அதை மட்டும்தான் சொன்னேன்.

---

தூரத்து_குரல்:

ஒரு சின்ன மறுப்பு. போன்ல போற நேரம் எல்லாமே கெட்ட நேரம்னு பேசிட்டு போறீங்க. நான் க்ளாஸ்ல வாய் திறந்து பேச மாட்டேன், திக்குவாய் உண்டு, எனக்கு நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் ஆன்லைன்ல கிடைச்சவங்க. தினம் ராத்திரி அவங்க கூட ஒரு மணி நேரம் டைப் பண்ணி பேசுறேன், என் ஸ்கிரீன் டைம்லயும் அது கூடும், ஆனா அதை வெட்டினா எனக்கு மனசு கெடும், சரியாகாது. 'டிஜிட்டல் டீடாக்ஸ்'னு ஒருத்தர் சவால் போட்டாரேன்னு ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்தினப்ப ரொம்ப தனியாயிட்டேன். அதனால அக்கா, நீங்க குறைக்கறப்ப எதை குறைக்கறீங்கன்னு பாருங்க. ஆள் கூட பேசுறதையும், முகம் தெரியாத நூறு பேர் வாழ்க்கையை வேடிக்கை பாக்குறதையும் ஒரே கணக்குல எழுதாதீங்க.

---

கரும்பலகை:

நான் காலேஜ்ல பாடம் எடுக்கறவ. மேல பேசினதுல யாரும் தொடாத ஒண்ணை சொல்லிட்டு போறேன், ஏன்னா எங்க பக்கத்து பங்கும் இதுல இருக்கு.

க்ளாஸ்ல போனை பிடுங்கி வைக்கறதும் நாங்கதான், நைட்டு பதினொரு மணிக்கு 'நாளைக்கு காலைல டெஸ்ட்'னு க்ரூப்ல போடுறதும் நாங்கதான். ஒரு பிள்ளை பொறுப்பா ஒம்பது மணிக்கே போனை அணைச்சிட்டு படுத்தா மறுநாள் அவளுக்குத்தான் நஷ்டம். ஒரு அறிவிப்பு பாக்க உள்ள போனவ அங்கயே இருக்கற மத்த பத்து விஷயத்துல மாட்டிக்கறா, அப்புறம் அவளை குறை சொல்றோம். எங்க டிபார்ட்மென்ட்ல சண்டை போட்டு ஒரு ஏற்பாடு பண்ணோம், அறிவிப்பு எதுவா இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள, அதுக்கு மேல போட்டா செல்லாது, நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டணும். ஒட்டுறதுக்கு ஆள் இல்லனு முதல்ல முணுமுணுத்தாங்க, இப்போ ஓடுது. மாணவர் பிரதிநிதிகள் சேந்து இதை கேட்டா எந்த காலேஜும் மறுக்க காரணம் கிடையாது, காசு செலவு இல்லாத விஷயம்.

பக்கத்துல போன் சும்மா இருந்தாலே கவனம் குறையும்னு 2017ல ஒரு ஆய்வு ரொம்ப பிரபலமாச்சு. அதுக்கப்புறம் திரும்ப செஞ்சு பாத்தவங்க எல்லாருக்கும் அதே முடிவு வரல, அதனால அதை நான் வேதவாக்கா சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல. காலைல முதல் பீரியட்ல உக்காந்திருக்கற முகத்தை பாத்தாலே தெரியும். போன் வெளிச்சத்தை மட்டும் எல்லாரும் திட்டுறாங்க, நீல வெளிச்சத்துக்கு ஃபில்டர் போட்டுட்டு அதே மூணு மணி வரைக்கும் பாக்குறாங்க. வெளிச்சம் ஒரு காரணம், அதை விட பெரிய காரணம் அந்த நேரத்தை தூக்கத்துகிட்ட இருந்து எடுத்துக்கறது. தூக்கம் கெட்டா மறுநாள் எரிச்சல், கவனக்குறைவு, அழுகை, எல்லாமே மனச்சோர்வு மாதிரியே இருக்கும். எது எதுனு பிரிக்கவே முடியாது, அதனால பாதிப்பக்கம் கேட்ட 'எது முதல்ல'ங்கிற கேள்விக்கு என் பதில் தூக்கம். அதை சரி பண்ணிட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாரு கண்ணு.

---

பாதிப்பக்கம்:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. எலி கேட்டதை கவனிச்சிட்டு வந்தேன்.

எந்த நேரம்னா, பகல்ல அப்பப்போ சின்ன சின்னதா, பெரிய பங்கு நைட்டு பதினொன்னுக்கு மேலதான். அதுவும் ரூம்மேட் ஊருக்கு போயிருக்கற நாள்னா ரொம்ப மோசம், அவ இருந்தா கொஞ்சம் பேசிட்டு தூங்கிடுறேன். இதை இதுக்கு முன்னாடி நான் கவனிச்சதே இல்ல.

ரெண்டாவது கேள்விதான் கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு. போன் எடுக்கறதுக்கு முன்னாடி பாதி நேரம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஃபைலை திறந்திருக்கேன். திறந்து ரெண்டு வரி பாத்ததும் வயித்துல என்னமோ பண்ணுது, உடனே போன். போன செமஸ்டர்ல ஒரு பேப்பர் போச்சு, அரியர், அதை வீட்டுல இன்னும் சொல்லல. கைடுகிட்டயும் ரெண்டு மாசமா முகம் காட்டல, அவரு அனுப்பின மெயிலை திறக்கவே இல்ல. ரீல்ஸ் பாக்கும்போது அது எதுவும் ஞாபகம் வர்றதில்ல, அதான் நிஜம். எனக்கு ரீல்ஸ் பிடிச்சு பாக்குறேன்னு கூட சொல்ல முடியாது.

தூரத்து குரல் சொன்னது சரியா பட்டுது. யோசிச்சு பாத்தா நான் குறைச்சதே ஃப்ரெண்ட்ஸ்க்கு ரிப்ளை பண்றதைத்தான், வேடிக்கை பாக்குறதை குறைக்கல. உல்டாவா பண்ணிருக்கேன்.

---

ஆய்வக_எலி:

இதைத்தான் கேக்கணும்னு நினைச்சேன். போனை விடுறது எப்படின்னு தேடிட்டு இருந்த, ஆனா நீ போனை எதுக்கு மருந்தா போட்டுக்கறேன்னு இப்போ நீயே சொல்லிட்ட. ஃபைலை திறந்தா பயம், போன் எடுத்தா பயம் போகுது, பயம் போன உடனே மூளை 'இது வேலை செய்யுது'ன்னு எழுதி வச்சுக்குது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கை போகும். ஃபைல் அங்கயே இருக்கறதால பயம் மட்டும் தினம் கொஞ்சம் பெருசாயிட்டே போகும். இந்த சுழல்ல போனை மட்டும் பிடுங்கினா தூக்கம், சாப்பாடு, இல்ல வேற எதாவது அந்த இடத்துக்கு வந்துடும். அதுக்காக போனை அப்படியே விட சொல்லல, நைட்டு கணக்கு தனி.

அதனால ரெண்டையும் பிரிச்சுக்கோ. நைட்டு விஷயத்துக்கு கரும்பலகை மேடம் சொன்னதுதான், போன் கட்டில்ல இருந்து கை எட்டாத இடத்துல சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்கு தனியா ஒரு கடிகாரம், ஏன்னா அலாரம்தான் போனை தலகாணிக்கு பக்கத்துல வைக்க நாம சொல்ற சாக்கு. ஒரேயடியா பத்து மணிக்கு தூங்க முயற்சி பண்ணாத, தூக்கம் வராம புரண்டு புரண்டு கடுப்பாயிடுவ. எழுந்திரிக்கற நேரத்தை முதல்ல பிடி, எத்தனை மணிக்கு தூங்கினாலும் அதே நேரத்துக்கு எழு, படுக்கற நேரம் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வரும். ரூம்மேட் இல்லாத நாளுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வச்சுக்கோ, பக்கத்து ரூம்ல போய் படு, இல்ல யாருக்காவது கால் பண்ணு. கால் பண்றதும் போன்தான், அது பரவால்ல.

பகல் விஷயத்துக்கு, ரிப்போர்ட் எழுத சொல்லல. கைடோட மெயிலை திற, அவ்ளோதான், அதுவும் யாராவது பக்கத்துல உக்காந்திருக்கும்போது. மனசு சரியானதும் வேலை பாக்கலாம்னு காத்திருந்தா அது நடக்கறது கஷ்டம், சின்ன வேலை ஒண்ணு முடிஞ்சாதான் மனசு கொஞ்சம் அசையும், மனச்சோர்வுக்கு சிகிச்சை குடுக்கறவங்களே இந்த வழியை பயன்படுத்துறாங்க. ஒரு பழக்கம் தானா ஓட ஆரம்பிக்க எவ்ளோ நாள் ஆகும்னு லண்டன்ல பாத்தாங்க, சராசரியா 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் மாறுச்சு. அதனால ரெண்டு வாரத்துல மாறலன்னு விட்டுடாத.

கவுன்சிலர்கிட்ட போறதா? போ. சிரிக்க மாட்டாங்க. 'போன் அதிகமா பாக்குறேன்'னு ஆரம்பிச்சாலும் சரி, 'அரியர், வீட்டுல சொல்ல பயம்'னு ஆரம்பிச்சாலும் சரி. முதல் நாள் பெரும்பாலும் ஒரு ஒம்பது கேள்வி தாள் குடுப்பாங்க, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் ஆர்வம் இல்லாம இருந்த, தூக்கம் எப்படி, பசி எப்படின்னு, மொத்தம் 27 மார்க், பத்தோ அதுக்கு மேலயோ வந்தா இன்னும் கவனமா பாக்கணும்னு எடுத்துப்பாங்க. அதுலயே கடைசி கேள்வி, செத்து போயிட்டா தேவலனோ தன்னை காயப்படுத்திக்கணும்னோ தோணுச்சான்னு இருக்கும். அப்படி எதாவது உனக்கு இப்பவே வருதுன்னா இங்க எங்களுக்கு எழுதிட்டு இருக்காத, இன்னிக்கே பக்கத்துல இருக்கற ஒரு ஆளை எழுப்பு, ஆஸ்பத்திரிக்கு போ. வெக்கப்படாம இங்க சொல்லலாம், அதனாலதான் நேரா கேக்குறேன், வருதா?

---

பாதிப்பக்கம்:

இல்ல. காணாம போயிடணும்னு இருக்கும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்துக்கு. சாகணும்னு இல்ல. ஆனா கேட்டதுக்கு நன்றி, இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல.

மெயிலை ரூம்மேட்டை உக்கார வச்சு திறந்தேன். ரெண்டு மெயில் இருந்துச்சு. முதல்ல 'எந்த நிலைல இருக்குன்னு சொல்லவும்', ரெண்டாவது 'எதாவது பிரச்சனையா, வந்து பார்க்கவும்'. அவ்ளோதான். இதுக்கா ரெண்டு மாசம். வியாழக்கிழமை வர்றேன்னு ரிப்ளை போட்டுட்டேன்.

கவுன்சிலர் ரூம் எங்க இருக்குன்னும் பாத்து வச்சுட்டேன், ஆனா ஒண்ணுதான் உறுத்துது. நான் போய் சொல்றதை எல்லாம் டிபார்ட்மென்ட்டுக்கோ வீட்டுக்கோ சொல்லிடுவாங்களா? அரியர் விஷயம் நானே வீட்டுல சொல்லணும், அவங்க வாய்ல இருந்து போக கூடாது.

---

கடைசிபெஞ்ச்:

சிஸ், பட்டன் போன் ஐடியாவை வாபஸ் வாங்கிக்கிறேன், உங்க பிரச்சனைக்கு அது செட் ஆகாது. பழைய அலாரம் கடிகாரம் தேடுறீங்கன்னா டிக் டிக் சத்தம் வராததா பாத்து வாங்குங்க, நான் வாங்கினது சத்தம் தாங்காம அலமாரிக்குள்ள போட்டேன், அப்புறம் அலாரமும் கேக்கல, அன்னிக்கு லேப் போச்சு.

---

கரும்பலகை:

பாதிப்பக்கம், பொதுவா சொல்ல மாட்டாங்க. நீ பேசுறது உனக்கும் அவங்களுக்கும் நடுவுலதான். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வேண்டியவங்ககிட்ட சொல்லுவாங்க, அது எல்லா இடத்துலயும் இருக்கற விதிவிலக்கு. ஆனா ஒவ்வொரு காலேஜ்லயும் நடைமுறை கொஞ்சம் மாறும், சில இடத்துல கவுன்சிலரே பாடம் எடுக்கறவரா இருப்பாரு, அப்போ கொஞ்சம் யோசிக்கணும். அதனால உள்ள போய் உக்காந்ததும் உன் கதையை ஆரம்பிக்காத. 'நான் சொல்றது யார் யாருக்கு போகும், எழுதி வைப்பீங்களா, அந்த ஃபைலை யார் பாப்பாங்க'ன்னு முதல்ல கேளு. நல்ல கவுன்சிலர்னா அந்த கேள்விக்கு கோச்சுக்க மாட்டாங்க, தெளிவா பதில் சொல்லுவாங்க. மழுப்பினா அன்னிக்கு தூக்கத்தை பத்தி மட்டும் பேசிட்டு வந்துடு, வெளிய காலேஜுக்கு சம்பந்தம் இல்லாத ஒருத்தரை பாக்கலாம்.

வியாழக்கிழமை கைடை பாக்க போறதுக்கு முன்னாடி எவ்ளோ முடிச்சிருக்க, எவ்ளோ மிச்சம்னு அரை பக்கம் கையால எழுதி எடுத்துட்டு போ. பேச்சு வரலன்னா அதை நீட்டினா போதும்.